மாற்றியமைத்த வண்டியும் வேகமானியும்: தம்பானூரிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிராக அமைந்துள்ளன. 1931 நவம்பர் 4 அன்று ரயில் பாதை தம்பானூர் வரை நீட்டிக்கப்பட்டது முதல் இந்நகரின் வாசல் இதுவே. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரும் தமிழர் பெரும்பாலோர் இந்த நகரத்தை முதலில் மிதிப்பதும் இங்கேதான். இவ்விடத்துச் சாலையோரங்களில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தால் ஒரு செய்தி தெரியும். பழைய புல்லட்டுகளும் பிற வண்டிகளும் உரிமையாளரின் விருப்பப்படி உருமாற்றம் பெற்றுள்ளன. கைப்பிடி மாறியிருக்கிறது; சக்கரம் மாறியிருக்கிறது; பெட்ரோல் டாங்க் மாறியிருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "ஆல்ட்டர் பண்ணின" வண்டிகள். இவற்றில் பலவற்றில் வேகமானி இருந்த இடம் வெறுமையாக உள்ளது. வேறு சிலவற்றில் உள்ளங்கையளவு டிஜிட்டல் மீட்டர் ஒன்று திருகப்பட்டிருக்கிறது. இன்னும் சிலவற்றில் எப்போதோ அறுந்துபோன கேபிளின் நினைவாக முள் பூஜ்யத்திலேயே உறங்குகிறது.

மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளுக்கு இயங்கும் வேகமானியைப் பொருத்துவது பட்டறை வேலை என்று எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு வண்டியின் வேகத்தைச் சொல்லும் எண்ணுக்கு யார் பொறுப்பு என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது. அவ்வினாவுக்குச் சற்றேறக்குறைய 120 ஆண்டு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி இந்நகரிலேயே நிகழ்ந்தது என்பதால் தம்பானூரிலிருந்து தொடங்குகிறேன்.

1. மாற்றியமைத்தலே தொடக்கம்

வாகனத்தை மாற்றியமைப்பது இக்காலத்து இளைஞர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. திருவிதாங்கூர் அரசு பொதுப் போக்குவரத்தைத் தானே நடத்த முடிவு செய்தபோது, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய ஈ. ஜி. சால்ட்டர் என்பவரை 1937 செப்டம்பரில் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக நியமித்தது. இங்கிலாந்திலிருந்து 60 அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. பேருந்தின் மேற்கூடு சால்ட்டரின் மேற்பார்வையில் இங்கேயே, துறையின் பணியாளர்களால் கட்டப்பட்டது. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் ஸ்ரீசித்திரைத் திருநாள் பேருந்துப் பணியைத் தொடங்கிவைத்தார். முதல் வண்டியில் மன்னர் குடும்பத்தார் அமர, சால்ட்டரே ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். மறுநாள் முதல் பொதுமக்களுக்கான வண்டிகள் தெற்கே குமரி நோக்கி ஓடத் தொடங்கின. அன்று நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூரின் பகுதிகளே. அவை தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று.

ஓரிடத்து அடிச்சட்டம், வேறோர் உற்பத்தியாளரின் எஞ்சின், உள்ளூர்த் தச்சரின் கைவேலை ஆகிய மூன்றும் கூடியதே நம் முதல் அரசுப் பேருந்து. இன்றைய சொல்லில் அது முழுக்க முழுக்க மாற்றியமைக்கப்பட்ட வாகனம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த மாற்றங்களுக்கு ஓர் அரசுத் துறையும் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவரும் பொறுப்பேற்றிருந்தனர். வண்டி எப்படி நிற்கும், எவ்வளவு சுமக்கும், எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஆள் இருந்தது. தனிமனிதர் ஒருவர் தம் வண்டியை மாற்றும்போது அந்த விடை சொல்லும் கடமை யாரிடம் போகிறது என்பதே நம் சிக்கல்.

2. முள் எப்படி நகர்கிறது

சக்கரத்தின் சுழற்சியை வேகமாக மொழிபெயர்க்கும் கருவிக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முயற்சிகள் நடந்தன. குரோஷியரான யோசிப் பெலுசிச் 1888இல் அத்தகைய மின்கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் முழுதும் பரவியது 1902இல் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற வடிவமே. அதன் எளிமை வியப்புக்குரியது. சக்கரத்திலிருந்தோ கியர்பெட்டியிலிருந்தோ வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு சிறு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கும். கிண்ணத்தின் தண்டில் உள்ள மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகும் புள்ளியில் முள் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மீட்டருக்கு வண்டியின் வேகம் தெரியாது. கேபிள் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்தச் சுழற்சியை வேகமாக மாற்றும் கணக்கு மூன்று இடங்களில் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளது: டயரின் சுற்றளவு, கேபிளைச் சுழற்றும் மீட்டர் பினியனின் பல் விகிதம், மீட்டர் முகப்பில் அச்சிட்ட எண்கள். இம்மூன்றையும் ஒருசேர வடிவமைத்தவர் உற்பத்தியாளர். ஒன்றை மாற்றினாலும் மற்ற இரண்டும் பொய் சொல்லத் தொடங்கும். முள் அப்போதும் ஒழுங்காகவே ஆடும் என்பதால் அந்தப் பொய் கண்ணுக்குத் தெரியாது.

தொடக்கத்தில் இக்கருவி செல்வர்களின் அணிகலனாகவே இருந்தது. லண்டன் கடிகாரக்காரரான ஸ்மித் நிறுவனத்தார் 1904இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் காருக்கு வேகமானி செய்தளித்தனர். அதே நிறுவனத்தின் குரோனோமெட்ரிக் வகை மீட்டர்கள் பிற்காலப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் அடையாளமாயின. அவற்றில் காந்தமில்லை. உள்ளே கடிகாரப் பொறி ஒன்று குறித்த இடைவெளிகளில் சுழற்சியை எண்ணிக் காட்டும். அதனால் முள் வழுக்கிச் செல்லாமல் தாவித் தாவி நகரும். பிரிட்டனில் 1937 அக்டோபர் 1 முதல் பதிவான வாகனங்களுக்கு வேகமானி சட்டப்படி கட்டாயமாயிற்று. சால்ட்டர் திருவனந்தபுரத்தில் நியமனம் பெற்ற சில நாட்களுக்குள் அவர் விட்டு வந்த நாட்டில் வேகமானி அணிகலன் என்ற நிலையிலிருந்து கடமையாக மாறியது என்பது ஒரு சுவையான உடன்நிகழ்வு.

3. மைலிலிருந்து கிலோமீட்டருக்கு

நம் நாட்டு மோட்டார் சைக்கிள் வரலாற்றில் 1955 ஒரு திருப்பம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. 350 சி.சி. புல்லட் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. புல்லட்டின் முகத்தைத் தீர்மானித்தது முன்விளக்கையும் வேகமானியையும் அம்மீட்டரையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடக்கிய முகப்பு வார்ப்பு. அந்த அமைப்பு இந்தியப் புல்லட்டில் பல தலைமுறை நீடித்தது. இன்று புல்லட்டை உருமாற்றுவோர் பலர் முதலில் கழற்றுவதும் அந்த முகப்பைத்தான். அது போனால் வேகமானிக்கு வீடு இல்லை.

இதே காலத்தில் அளவே மாறியது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டம் நாட்டை மெட்ரிக் முறைக்குக் கொண்டுவந்தது. மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாயின. தமிழில் இன்றும் "மைல்கல்" என்ற சொல்லே வாழ்கிறது என்றாலும் சாலையும் சட்டமும் கிலோமீட்டருக்கு நகர்ந்துவிட்டன. பழமையின் அழகுக்காகப் பிரிட்டிஷ் மீட்டரை வாங்கி இன்றைய வண்டியில் பொருத்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மைல் முகப்பில் முள் 40ஐத் தொடும்போது வண்டி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

4. கணக்கு

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பழைய புல்லட் வகை வண்டிகளில் காணப்படும் 3.25-19 டயரின் விட்டம் ஏறத்தாழ 648 மி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு அது 491 முறை சுழலும். அதைக் கழற்றிவிட்டு 110/70-17 டயரைப் போட்டால் விட்டம் 586 மி.மீ. ஆகக் குறையும்; கிலோமீட்டருக்கு 543 சுழற்சி. மீட்டர் முன்சக்கரத்திலிருந்து இயங்குமானால் வண்டி 50இல் போகும்போது முள் 55ஐக் காட்டும். 10,000 கி.மீ. ஓடிய வண்டி 11,000க்கும் மேல் ஓடியதாகக் கணக்கு ஏறும். இது பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த பிழை. தலைகீழாக, 17 அங்குலச் சக்கரத்துக்கென அமைந்த பினியனையும் மீட்டரையும் 19 அங்குலச் சக்கரத்தோடு இணைத்தால் 66இல் செல்பவருக்கு 60 என்றே தெரியும்.

மீட்டரை மட்டும் மாற்றுவதில் இதைவிடப் பெரிய பிழை நேரலாம். கிலோமீட்டருக்கு 1,400 கேபிள் சுழற்சியை எதிர்பார்க்கும் மீட்டர் ஒன்றை, 1,000 சுழற்சி மட்டும் தரும் பினியனோடு இணைத்ததாகக் கொள்வோம். உண்மை வேகம் 70 ஆக இருக்கும்போது முள் 50இல் நிற்கும். பட்டறையில் சக்கரத்தைக் கையால் சுற்றி, முள் ஆடுவதைக் கண்டு, "மீட்டர் வேலை செய்கிறது" என்று வண்டியை ஒப்படைத்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஆடுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. பழைய மீட்டரில் காந்தம் வலுவிழந்திருந்தாலும் முள் குறைவாகவே காட்டும்.

டிஜிட்டல் மீட்டரில் இந்தக் கணக்கு மறைவதில்லை; உரிமையாளர் கைக்கு வந்துசேர்கிறது. சக்கரத்தில் ஒட்டிய காந்தங்களோ டிஸ்க்கின் திருகுகளோ உணரியைக் கடக்கும் எண்ணிக்கையை அது எண்ணும். ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு, சக்கரச் சுற்றளவு எவ்வளவு என்ற இரு எண்களையும் நாமே பதிய வேண்டும். ஆலையிலிருந்து வந்த இயல்பு எண்ணையே விட்டுவிட்டால் அது வேறு ஏதோ ஒரு வண்டியின் வேகத்தைக் காட்டும்.

சரியான முறை கடினமானதன்று. டயரில் உரிய காற்றழுத்தம் இருக்கட்டும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடிட்டு, ஓட்டுநர் வண்டிமேல் அமர்ந்திருக்க, சக்கரம் முழுதாக ஒரு சுற்று வரும் வரை உருட்டித் தரையில் அளக்க வேண்டும். எடை ஏறிய டயர் சற்றே அமுங்குவதால் இந்த அளவு ஏட்டுக் கணக்கைவிடச் சிறிது குறையும். அதுவே நமக்கு வேண்டிய எண். கேபிள் மீட்டராயின் பினியனும் மீட்டரும் ஒரே விகிதத்தைச் சேர்ந்தவையா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும். பொருத்திய பின் சோதனை அவசியம். கிலோமீட்டர் கற்கள் உள்ள, போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையில் முள்ளைச் சீராக 50இல் நிறுத்தி ஓட்ட, பின்னால் அமர்ந்தவர் நேரத்தைக் குறிக்கலாம். ஒரு கிலோமீட்டருக்கு 72 நொடி ஆனால் மீட்டர் சரி. 65 நொடியிலேயே முடிந்தால் உண்மை வேகம் 55. கைப்பேசியின் ஜி.பி.எஸ். கொண்டும் சரிபார்க்கலாம்.

இங்கே பன்னாட்டு விதி ஒன்று நல்ல வழிகாட்டி. ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் ஒழுங்குமுறைப்படி வேகமானி ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டலாம். பிழை நேர்ந்தால் அது எச்சரிக்கையின் பக்கமே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

5. சட்டம் நடந்து வந்த வழி

வண்டியை மாற்றியமைப்பது பற்றிய இந்தியச் சட்டம் மூன்று படிகளில் இறுகியது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 32ஆம் பிரிவில் மாற்றத்தைப் பதிவு அதிகாரிக்குத் தெரியப்படுத்த வேண்டிய செய்தியாகக் கொண்டது. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் தன் 52ஆம் பிரிவில் முன்னறிவிப்பையும் ஒப்புதலையும் கேட்டது. 2000இல் நிறைவேறிய திருத்தம் அப்பிரிவையே திருப்பிப்போட்டது. உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி எவரும் வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். மாற்று எரிபொருளுக்கு மாறுவது போன்ற சில விலக்குகள் மட்டும் எஞ்சின.

இதன் பொருள் என்ன என்பதில் எழுந்த பெரிய வழக்கு கேரளத்திலிருந்தே சென்றது. சில மாற்றங்களை மாநில விதிகளின்கீழ் அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கொண்ட நிலைப்பாட்டை, 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஏற்க மறுத்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது.

வேகமானியின் நிலை இதில் தனித்துவமானது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றுக்கு இடம் உண்டு; வேகமானிக்கென ஒரு கட்டம் இல்லை. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி வேகமானியைக் கட்டாயமாக்குகிறது. ஆகவே சக்கரத்தையும் சட்டகத்தையும் மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. வேகமானி இல்லாமல் ஓடுவதையும் தடுக்கிறது. உருமாறிய வண்டியில் மீட்டர் ஓடுகிறது என்பதனால் மட்டும் பிற மாற்றங்கள் சட்டப்படியாகிவிடா. மற்ற மாற்றங்கள் எவ்வளவு நுட்பமாக இருப்பினும் இயங்காத மீட்டரை அவை ஈடுசெய்யா.

இன்னொரு பிரிவு எனக்கு மிகவும் சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. வேக மீறலுக்கான 183ஆம் பிரிவு, வண்டி அதிக வேகத்தில் போயிற்று என்று ஒரே ஒரு சாட்சி கருதியதை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது. அந்தக் கருத்து கருவியொன்றின் அளவீட்டைச் சார்ந்திருக்க வேண்டும். கண்ணால் கண்ட வேகத்தைச் சட்டம் நம்புவதில்லை. கருவி தந்த வேகத்தையே நம்புகிறது. அரசுக்கு விதித்த இந்த நிபந்தனையை ஓட்டுநர் தமக்கும் விதித்துக்கொள்வதே முறை. "எனக்கு வண்டியின் சத்தமே வேகத்தைச் சொல்லிவிடும்" என்று பெருமை பேசுவோர் உண்டு. சைலன்சரையும் கியர் விகிதத்தையும் மாற்றிய வண்டியில் சத்தம் சொல்வது வேறு வண்டியின் கதை.

6. எண் யாருடையது

2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் விதிமீறலுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கின. அவ்வாண்டு ஜூலை முதல் மாநிலத்தில் இருசக்கர வாகனங்களின் உச்ச வேகம் 70இலிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. அரசின் அளவீடு துல்லியமாகிக்கொண்டே வருகிறது. அதே சாலையில் மீட்டர் இல்லாமல் போகிறவரிடம் அதை மறுக்கவோ ஒப்பவோ ஒரு எண்ணும் இல்லை.

அபராதத்தைவிடப் பெரியது உயிர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறப்புகளில் 71.2 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியுள்ளது. "அதிவேகம்" என்று எழுதப்படும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓட்டியவர் தம் வேகமாக எதை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்து நிற்க எடுக்கும் தூரம், 50இல் வரும் வண்டிக்கு ஆவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. வேகத்தின் இருமடிக்கேற்ப அத்தூரம் நீள்கிறது. முன்சொன்ன பொருந்தா மீட்டர் 50 என்று காட்டியதை நம்பி தம்பானூர்ப் பேருந்து நிலைய வாயிலில் சாலையைக் கடப்பவரை நெருங்கும் ஓட்டுநர், தமக்கு இருப்பதாக எண்ணும் தூரத்தில் பாதியை ஏற்கெனவே இழந்தவர்.

வேகமானியோடு ஒட்டிப் பிறந்த தூரமானிக்கும் ஒரு சொல். பழைய மீட்டரைக் கழற்றும்போது வண்டியின் ஓட்ட வரலாறும் கழன்றுவிடுகிறது. பூஜ்யத்திலிருந்து தொடங்கும் புதிய மீட்டர் அடுத்து வாங்குபவரை ஏமாற்றும். ஆயில் மாற்றும் கணக்கையும் குலைக்கும். கழற்றும் நாளில் பழைய எண்ணையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைப்பதற்குப் பேனா ஒன்று போதும்.

சால்ட்டரின் பேருந்துகளை உருவாக்கியவர்கள் பிறர் செய்த பாகங்களைக் கொண்டு புதிய வண்டியைக் கட்டினார்கள். கட்டியதற்குப் பொறுப்பும் ஏற்றார்கள். உற்பத்தியாளர் அமைத்த சக்கரத்தையும் பினியனையும் முகப்பையும் பிரிப்பவர், அவர் வகித்த பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். சுற்றளவை அளப்பதும், விகிதத்தைப் பொருத்துவதும், கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் அப்பொறுப்பின் மிகச் சிறிய பகுதி. வண்டிக்குச் செலவிட்ட பல்லாயிரம் ரூபாயோடு ஒரு பிற்பகலை இதற்கும் ஒதுக்கலாம்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிதாங்கூர்க் காலத்து வாகனப் பதிவு ஆவணங்கள், நாகர்கோவில், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வழித்தடப் பட்டறைகளின் பழைய ரசீதுகள், மைல் முகப்புள்ள மீட்டர்களின் படங்கள் எவரிடமேனும் இருப்பின் பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். அரசாணைகளைவிட இத்தகைய சிறு தாள்களில்தான் பட்டறை வரலாறு தங்கியிருக்கிறது.